டோகாமாக் பிளாஸ்மாவைக் கட்டுப்படுத்த மாடல் எதற்கு, பி.ஐ.டி. டியூன் செய்தால் போதாதா?

கேள்வி: டிரைவ்காரன்

பன்னிரண்டு வருடமாக மோட்டார் டிரைவ், ஸர்வோ லூப் என்று வேலை செய்கிறவன் நான். பிளாஸ்மா இயற்பியல் முறையாகப் படித்ததில்லை, ஆனால் டோகாமாக் (அணுக்கரு இணைவுக்காக, மின்னூட்டம் கொண்ட மிகச் சூடான வாயுவான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாகப் பிடித்து வைக்கும் இயந்திரம்) பற்றி எது கையில் கிடைத்தாலும் வாசித்துவிடுவேன். டீப்மைண்ட் நிறுவனமும் லோசானில் இருக்கும் ஸ்விஸ் பிளாஸ்மா மையமும் சேர்ந்து எழுதி 2022 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்த கட்டுரையைப் போன வாரம்தான் உட்கார்ந்து முழுசாக முடித்தேன். டி.சி.வி. என்கிற அவர்களுடைய டோகாமாக்கில் 19 காயில்களையும் ஒரே நியூரல் நெட்வொர்க் கையில் கொடுத்துவிட்டு, அது விநாடிக்கு 10,000 தடவை வோல்டேஜ் கட்டளை அனுப்ப, பிளாஸ்மாவை நீட்டுகிறார்கள், முக்கோணமாக வளைக்கிறார்கள், ஒரே கலத்துக்குள் மேலும் கீழுமாக இரண்டு தனித்தனிப் பிளாஸ்மாவையே நிறுத்திக் காட்டுகிறார்கள். வாசித்து முடித்து இரண்டு நாள் வேறு எதிலும் மனசு போகவில்லை.

எனக்கு இடறுகிற இடம் இதுதான். என் தொழிலில் பாதி லூப்களுக்குக் கணித மாடலே கிடையாது, பிழையின் அளவு, அதன் கூட்டுத்தொகை (இண்டக்ரல்), அது மாறும் வேகம் (டெரிவேடிவ்) மூன்றையும் வைத்துத் திருத்துகிற பி.ஐ.டி.தான். ஒரு ஸ்டெப் கொடுப்போம், எவ்வளவு தாண்டிப் போகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பார்த்து கெய்னை ஏற்றி இறக்குவோம், அவ்வளவுதான். பிளாஸ்மாவும் கடைசியில் மின்னோட்டம் ஓடும் ஒரு கடத்திதானே? சென்சார் இருக்கிறது, காயில் இருக்கிறது, பவர் சப்ளை இருக்கிறது. அப்படியிருக்க இந்தத் துறையில் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் பாதிப் பக்கம் மாடலிலேயே போய்விடுகிறதே, ஏன்?

இன்னொன்று. அளவிடும் கருவிகள் எல்லாம் சுவர்ப் பக்கம்தான் இருக்கின்றன. டி.சி.வி.யில் நெட்வொர்க்குக்குப் போகும் அளவீடுகள் 92, அவற்றில் 34 ஃப்ளக்ஸ் லூப் (காந்தப் பாயத்தை அளக்கும் கம்பி வளையம்), 38 காந்தப்புல புரோப், மீதி காயில் மின்னோட்டங்கள். கோடி டிகிரியில் இருக்கும் பிளாஸ்மாவின் நடுவே ஒரு புரோபை நுழைக்க முடியாது. வெளியே நின்றுகொண்டு அதன் ஓரம் எங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அப்புறம், நெட்வொர்க்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது என்றால் அந்த மாடல்களுக்கு இனி வேலை இல்லையா? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொன்னால் பெரிய உதவி.

பதில்: வெற்றிடக்கலம்

நீங்கள் டிரைவ் வேலை செய்கிறவர் என்பதால் உங்களுக்குச் சொல்வது சுலபம். என் முனைவர் பட்ட ஆய்வே பிளாஸ்மாவின் செங்குத்து நிலையைப் பிடித்து நிறுத்துவது பற்றித்தான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் பிளாஸ்மாவை ஏன் நீட்டுகிறார்கள் என்று பாருங்கள். வட்டமான குறுக்குவெட்டு உள்ள பிளாஸ்மா ஓரளவு தானாகவே அடங்கி இருக்கும், தொந்தரவு குறைவு. ஆனால் அதை மேலும் கீழும் இழுத்து நீட்டினால் அதே காந்தப்புலத்தில் அதிக மின்னோட்டம் ஓட்டலாம், வெப்பமும் நன்றாக உள்ளே நிற்கும். அதனால் இன்றைய பெரிய இயந்திரங்கள் எல்லாமே நீட்டித்தான் ஓட்டுகின்றன. எப்படி நீட்டுவது? மேலே ஒரு காயில், கீழே ஒரு காயில், இரண்டிலும் பிளாஸ்மா மின்னோட்டம் ஓடும் அதே திசையில் மின்னோட்டம். ஒரே திசையில் ஓடுபவை ஒன்றையொன்று இழுக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். பிளாஸ்மா சரியாக நடுவில் இருக்கும்வரை இரண்டு இழுப்பும் சமம். ஒரு மில்லிமீட்டர் மேலே நகர்ந்தால் மேல் காயிலின் இழுப்பு கூடுகிறது, கீழ்க் காயிலின் பிடி தளர்கிறது, இன்னும் மேலே போகிறது. உள்ளங்கையில் குச்சியை நிமிர்த்தி நிறுத்துகிற கதைதான்.

சுற்றிலும் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் இந்த ஓட்டம் மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும், எந்தப் பவர் சப்ளையாலும் எட்டிப் பிடிக்க முடியாது. காப்பாற்றுவது கலத்தின் உலோகச் சுவர். பிளாஸ்மா நகர்ந்தால் சுவரில் சுழல் மின்னோட்டம் தூண்டப்பட்டு அதைத் தடுக்கும். செப்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் மெல்ல மெல்ல இறங்குமே, அதே சங்கதி. ஆனால் சுவருக்கு மின்தடை உண்டு, அந்தச் சுழல் மின்னோட்டம் தேய்ந்துகொண்டே போகும், தேயத் தேய பிளாஸ்மா நழுவும். சுவர் நமக்கு வாங்கித் தருவது சில மில்லி விநாடி அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்துக்குள் சென்சார் படித்து, கணக்குப் போட்டு, வோல்டேஜ் மாற்றி, காயிலில் மின்னோட்டம் ஏறி, அந்தப் புலம் அதே சுவரை ஊடுருவி உள்ளே போய்ச் சேர வேண்டும். உங்கள் மோட்டாருக்கும் இதற்கும் முதல் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. சுவர் உங்களுக்கு உதவியும் செய்கிறது, உங்கள் கட்டளையைத் தாமதமும் செய்கிறது.

இதை எழுதுகிற விதம் உங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். காயில்கள் ஒரு சர்க்யூட் கூட்டம், சுவரைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் ஒரு சர்க்யூட்டாக வைப்போம், எல்லாவற்றுக்கும் இடையே பரஸ்பரத் தூண்டல், ஒரு பெரிய அணி. பிளாஸ்மாவும் அதில் ஒரு உறுப்பினர், ஆனால் அது நகர்ந்தால் தூண்டல் எண்களே மாறும். ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டாரில் ரோட்டார் நிலையைப் பொறுத்து இண்டக்டன்ஸ் மாறுவது போலவே. உங்கள் ரோட்டார் இரும்பு, அதன் வடிவம் மாறாது. என் ரோட்டார் ஒவ்வொரு மில்லி விநாடியும் தன் வடிவத்தையும் உள்ளே மின்னோட்டம் பரவியிருக்கும் விதத்தையும் மாற்றிக்கொள்ளும்.

சரி, ஸ்டெப் கொடுத்து டியூன் செய்ய முடியாதா என்றால், சின்ன இயந்திரத்தில் ஓரளவு முடியும், செய்தும் இருக்கிறோம். டி.சி.வி.யில் ஒரு ஷாட், அதாவது பிளாஸ்மாவை ஒரு தடவை உண்டாக்கி ஓட்டுவது, ஓரிரு விநாடி, பிளாஸ்மா சுவரில் மோதினால் அடுத்த ஷாட்டுக்குப் போகலாம். ஆனால் பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் என்ற மாபெரும் டோகாமாக்கில் 15 மெகா ஆம்பியர் ஓடப்போகிறது, பிளாஸ்மாவில் சேர்ந்திருக்கும் வெப்ப ஆற்றல் 350 மெகா ஜூல் அளவுக்கு. கட்டுப்பாடு கைவிட்டுப் போனால் அது சில மில்லி விநாடிகளில் சுவரில் இறங்கும், தொடர்ந்து பிளாஸ்மா மின்னோட்டமும் சரிந்து கட்டமைப்பில் பெரும் விசைகளை உண்டாக்கும். அங்கே கெய்னை ஏற்றி இறக்கிப் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. முதல் ஷாட்டுக்கு முன்பே லூப் சரியாக இருந்தாக வேண்டும், அதற்கு மாடல் தவிர வேறு வழி கிடையாது. தவிர ஈட்டரின் பெரிய காயில்கள் மீகடத்திகள், அவற்றின் மின்னோட்டத்தை வேகமாக ஆட்டினால் சூடாகும். அதனால்தான் செங்குத்து நிலைப்பாட்டுக்கென்று கலத்துக்கு உள்ளேயே தனியாகச் செப்புக் காயில்கள் வைக்கிறார்கள். எந்த இடத்தில், எத்தனை சுற்று, எவ்வளவு வோல்டேஜ் என்று முடிவு செய்ததும் மாடல்தான்.

வெளியே இருந்து ஓரத்தைக் கண்டுபிடிப்பது. பிளாஸ்மாவில் அழுத்தம் வெளியே தள்ளுகிறது, காந்தவிசை உள்ளே தள்ளுகிறது, இரண்டும் ஒவ்வொரு புள்ளியிலும் சமமாக இருக்க வேண்டும். டோகாமாக் வளையத்தைச் சுற்றி எல்லா இடமும் ஒன்றுபோல் இருப்பதாக எடுத்துக்கொண்டால் இந்தச் சமநிலை ஒரே ஒரு சமன்பாட்டில் அடங்கிவிடும், கிராட்–ஷாஃப்ரனோவ் சமன்பாடு என்பார்கள். அதில் அழுத்தம் எப்படிப் பரவியிருக்கிறது, மின்னோட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்று இரண்டு சார்புகள் தெரியாதவை. அவற்றைச் சின்னப் பல்லுறுப்புக் கோவைகளாக வைத்துக்கொண்டு, தீர்வு தரும் புலம் புரோப்கள் காட்டும் புலத்தோடு ஒத்துப்போகும்வரை கெழுக்களைச் சரிசெய்கிறார்கள். சான் டியேகோவில் 1985-லேயே ஈ-ஃபிட் என்ற நிரல் இதற்காக வந்தது. இன்று உலகில் பல டோகாமாக்குகளில் அதன் வடிவங்கள் ஓடுகின்றன, ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணக்கிடுகிற பதிப்பும் உண்டு. டி.சி.வி.யில் லியூக் என்று அவர்களுடைய சொந்த நிரல்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஓரம் எங்கே என்பதை வெளி அளவீடுகள் நன்றாகவே சொல்லும். உள்ளே என்ன என்பதை அந்த அளவுக்குச் சொல்லாது. வட்டப் பிளாஸ்மாவுக்கு வெளிப் புரோப்களை வைத்து அழுத்தத்தின் பங்கையும் மின்னோட்டப் பரவலின் பங்கையும் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது, இரண்டின் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். நீட்டிய பிளாஸ்மாவில் பிரிக்க முடிகிறது, அதுவும் ஓரளவுக்கே.

டிரைவ்காரன்:

சார், ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் உதாரணத்தில் பளிச்சென்று பிடிபட்டது, மிக்க நன்றி. அப்படியானால் செங்குத்து லூப்புக்கு நீங்கள் போட்டது பி.ஐ.டி.யா? இண்டக்ரல் போட்டால் தாமதம்தானே கூடும்?

வெற்றிடக்கலம்:

சரியாகக் கேட்டீர்கள். வேகமான லூப்பில் முக்கியம் டெரிவேடிவ்தான். பிளாஸ்மா எங்கே இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதைப் பிடித்து நிறுத்துவோம். 2023 வரை பிரிட்டனில் ஓடிய ஜெட் டோகாமாக்கில் செங்குத்து நிலைப்பாட்டு லூப்பின் வேலையே அந்த வேகத்தைப் பூஜ்யத்தில் வைப்பதாக இருந்தது, இடத்தைப் பார்த்துக்கொள்ள மெதுவான வேறு லூப் இருந்தது. இன்னொரு விஷயமும் உங்களுக்குப் பிடிக்கும். நிலையற்ற அமைப்பு என்பதால் வோல்டேஜ் உச்சவரம்பைத் தொட்டுவிட்டால் கெய்ன் எவ்வளவு இருந்தும் பயனில்லை. பிளாஸ்மா எவ்வளவு தூரம் நழுவும்வரை திரும்ப இழுக்க முடியும் என்பதை ஒரு அளவுகோலாகவே வைத்துக்கொண்டு இயந்திரங்களை ஒப்பிடுகிறார்கள்.

பதில்: நுண்கணு

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை, எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி அது. நெட்வொர்க் வந்ததால் மாடலுக்கு வேலை போய்விட்டதா என்று கேட்டீர்கள். அந்த லோசான் வேலையில் நெட்வொர்க் உண்மையான பிளாஸ்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவே இல்லை. பயிற்சி முழுக்க எஃப்.ஜி.ஈ. என்ற சிமுலேட்டரில் நடந்தது. அந்தச் சிமுலேட்டர் என்ன? வெற்றிடக்கலம் விவரித்த அதே சர்க்யூட் அணி, அதோடு ஒவ்வொரு நேர அடியிலும் கிராட்–ஷாஃப்ரனோவ் தீர்வு. அதாவது அறுபது எழுபது வருடத்து இயற்பியல் மொத்தமும் அந்த நெட்வொர்க்குக்கு ஆசிரியராக உட்கார்ந்திருக்கிறது. பயிற்சி முடிந்ததும் நெட்வொர்க்கை அப்படியே எடுத்துப்போய் இயந்திரத்தில் வைத்தார்கள், அங்கே கூடுதலாக ஒரு பயிற்சியும் இல்லை.

அப்படியென்றால் வேலையிழந்தது எது? கையால் வடிவமைத்த லூப்களின் அடுக்கு. பழைய முறையில் எந்த வடிவம் வேண்டுமோ அதற்கான காயில் மின்னோட்டங்களை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைப்பார்கள், அதன்மேல் மின்னோட்டத்துக்கு ஒரு லூப், இடத்துக்கு ஒரு லூப், வடிவத்துக்கு ஒரு லூப், அவை ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருக்க இன்னொரு அடுக்கு. புதிய வடிவம் வேண்டுமானால் அனுபவசாலிகள் உட்கார்ந்து நிறையத் திருத்த வேண்டியிருக்கும். நெட்வொர்க்குக்கு என்ன வடிவம் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், 92 அளவீட்டிலிருந்து நேராக 19 வோல்டேஜ்.

வெற்றிடக்கலத்தோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. மாடல் முதல் ஷாட்டிலேயே சரியாக இருக்க வேண்டும் என்ற தொனியில் எழுதியிருக்கிறார். எந்த மாடலும் சரியாக இருக்காது. எஃப்.ஜி.ஈ.யில் பிளாஸ்மாவின் கொந்தளிப்பு கிடையாது, காந்தத் தீவுகள் கிடையாது, வெப்பம் எப்படி வெளியேறுகிறது என்பது கிடையாது. மின்தடை, அழுத்தத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம், மின்னோட்டப் பரவல் எல்லாம் தோராயம்தான். அவர்கள் செய்தது என்னவென்றால் அந்த எண்களை ஒரே மதிப்பில் நிறுத்தாமல் பயிற்சியில் ஒவ்வொரு தடவையும் ஒரு வரம்புக்குள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள், பவர் சப்ளையின் தாமதத்தையும் சென்சார் இரைச்சலையும் கலந்தார்கள். எந்தப் பகுதியில் சிமுலேட்டரை நம்ப முடியாதோ அந்தப் பகுதிக்குள் நெட்வொர்க் போனால் ஆட்டத்தை அங்கேயே முடித்தார்கள். தனக்கு எது தெரியாது என்று மாடலுக்குத் தெரிந்திருப்பதுதான் அங்கே காரியத்தைச் சாதித்தது. ஆயிரம் மணிநேரம் சூப்பர் கணினியில் ஓடுகிற முழு எம்.எச்.டி. நிரல் (பிளாஸ்மாவை மின்கடத்தும் பாய்மமாக எடுத்துக் கணக்கிடுவது) இயற்பியலில் இதைவிட எவ்வளவோ துல்லியம், ஆனால் அதை வைத்துக் கோடிக்கணக்கான தடவை விளையாடிக் கற்றுக்கொள்ள முடியாது. வேகமும் துல்லியமும் ஒரே நிரலில் கிடைப்பதில்லை, கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு இயற்பியலை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதுதான் இந்தத் துறையின் உண்மையான கைவேலை என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. 2024-ல் பிரின்ஸ்டன் குழு அமெரிக்காவின் டி-த்ரீ-டி டோகாமாக்கில் கிழிவு நிலையின்மையைத் தவிர்க்கிற கட்டுப்பாட்டைக் காட்டியது. காந்தப்புலக் கோடுகள் அறுந்து வேறுவிதமாக இணைந்து தீவு மாதிரி உருவாகி, கடைசியில் பிளாஸ்மாவையே குலைத்துவிடும் பிரச்சினை அது. எப்போது உருவாகும் என்று வேகமாகக் கணக்கிட நல்ல மாடல் இல்லை, அதனால் பழைய ஷாட்களின் தரவை வைத்தே நெட்வொர்க்கைப் பழக்கி 300 மில்லி விநாடி முன்பாகவே ஆபத்தை ஊகிக்க வைத்தார்கள். அருமையான வேலை. ஆனால் அது சாத்தியமானது டி-த்ரீ-டி பல பத்தாண்டுகளாக ஓடித் தரவு குவித்து வைத்திருப்பதால். இன்னும் ஒரு ஷாட்கூட ஓடாத ஈட்டருக்குப் பழைய தரவு எங்கே இருக்கிறது? அங்கே மறுபடியும் இயற்பியலிடம்தான் போய் நிற்க வேண்டும்.

வெற்றிடக்கலம்:

ஏற்றுக்கொள்கிறேன், "சரியாக இருக்க வேண்டியது லூப்" என்று இன்னும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நெட்வொர்க் இல்லாமலேயே இதில் நிறையச் செய்திருக்கிறோம். ஜெட்டில் இருபது வருடத்துக்கு முன்பே இத்தாலியர்கள் பிளாஸ்மாவின் எதிர்வினையைக் கணக்கிடும் தங்கள் கிரியேட் மாடலை ஒரு இயக்கப் புள்ளியைச் சுற்றி நேர்கோடாக்கி, அதிலிருந்து பிளாஸ்மாவின் முழு ஓரத்தையும் கட்டுப்படுத்தும் அமைப்பை எடுத்தார்கள். எந்தக் காயில் எதைச் செய்கிறது என்று அணியைப் பார்த்தே சொல்லலாம், தப்பு நடந்தால் எங்கே என்று விரல் வைத்துக் காட்டலாம். அணு உலைக்கான உரிமம் கொடுக்கிறவர்கள் முன்னால் நிற்கும்போது அது சின்ன விஷயம் இல்லை. நுண்கணு சொல்கிற வழியை நான் மறுக்கவில்லை, ஆனால் நெட்வொர்க் அந்த இடத்துக்கு வர இன்னும் உழைக்க வேண்டும்.

பதில்: ஷாட்_எண்

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நான் நடைமுறை விஷயம் ஒன்றை மட்டும் சொல்கிறேன். டிரைவ்காரன், நீங்கள் வாசித்துக்கொண்டே இருக்காதீர்கள், ஓட்டிப் பாருங்கள். ஃப்ரீ-ஜி.எஸ். என்று பைத்தானில் எழுதிய திறந்த மூல நிரல் இருக்கிறது, கிராட்–ஷாஃப்ரனோவ் சமன்பாட்டைச் சாதாரண மடிக்கணினியிலேயே தீர்க்கும். காயில்களை எங்கே வைப்பது, எக்ஸ் புள்ளி (பிளாஸ்மா ஓரத்தில் காந்தக் கோடு தன்னையே குறுக்கே வெட்டும் இடம்) எங்கே வர வேண்டும், மின்னோட்டம் எவ்வளவு என்று கொடுத்தால் காயில் மின்னோட்டங்களைக் கண்டுபிடித்துப் படம் போட்டுத் தரும். நேரத்தோடு மாறுவதைப் பார்க்க வேண்டும் என்றால் அதன் வழி வந்த ஃப்ரீ-ஜி.எஸ்.-என்.கே.ஈ., அதில் சுவரின் சுழல் மின்னோட்டமும் சேர்த்தி. உள்ளே வெப்பமும் மின்னோட்டமும் பரவுவது வேண்டும் என்றால் 2024-ல் திறந்த மூலமாக வந்த டோராக்ஸ்.

நம் நாட்டிலேயே பார்க்க வேண்டும் என்றால் காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989-லிருந்து ஓடிய ஆதித்யா வட்டப் பிளாஸ்மாதான். அதைத்தான் பிரித்துக் கட்டி ஆதித்யா-யு ஆக்கினார்கள், வடிவம் மாற்றிய பிளாஸ்மாவுக்கு வசதி செய்ய. வட்டத்திலிருந்து நீட்டத்துக்குப் போகும்போது கட்டுப்பாட்டுக்காரனுக்கு வேலை எப்படி மாறுகிறது என்று புரிய வேண்டுமானால் அந்த இரண்டு பெயரையும் பிடித்துக்கொண்டு வாசியுங்கள்.

டிரைவ்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஃப்ரீ-ஜி.எஸ்.-ஐ நேற்று ராத்திரியே நிறுவிவிட்டேன். உதாரணத்தில் இருந்த டோகாமாக் அழகாக வந்தது. அப்புறம் எக்ஸ் புள்ளிக் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டு, கிடைத்த காயில் மின்னோட்டங்களை அப்படியே நிலையாக வைத்து மறுபடி தீர்க்கச் சொன்னேன். முதல் சில சுற்று ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு ஐட்டரேஷனுக்கும் பிளாஸ்மா கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே போய்ப் பெட்டியின் மேல் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நேரம் என்ற ஒன்றே இல்லாத சமன்பாடு இது, பின்னே எதற்கு நகர்கிறது? என் குறியீட்டில் தப்பா?

வெற்றிடக்கலம்:

தப்பே இல்லை, இந்தத் துறைக்கு வந்த எல்லோரும் முதல் வாரத்தில் பார்க்கிறது அது. தீர்வு தேடும் முறை போன சுற்றில் பிளாஸ்மா இருந்த இடத்தை வைத்துப் புலத்தைக் கணக்கிட்டு, அந்தப் புலத்தில் பிளாஸ்மாவை மறுபடி வைக்கிறது. இம்மியளவு மேலே இருந்தால் மேல் காயில் அதிகமாக இழுக்கும், அடுத்த சுற்றில் இன்னும் மேலே வைக்கும். நீங்கள் நீட்டிய பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டதால் செங்குத்து நிலையின்மை கணக்கு வழியாகவே எட்டிப் பார்க்கிறது. வட்டமான பிளாஸ்மாவை வைத்து அதையே செய்து பாருங்கள். பிறகு நீட்டியதற்கே திரும்பி வந்து, மேல் கீழ்க் காயில்களில் எதிரெதிர்த் திசையில் ஒரு சின்ன மின்னோட்டத்தைச் சேர்த்து, ஒவ்வொரு சுற்றிலும் பிளாஸ்மா நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கு விகிதமாக அதை மாற்றுங்கள். விகிதத்தை நீங்களே டியூன் செய்யுங்கள்.

டிரைவ்காரன்:

வட்டத்தை வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. நீட்டியதற்கு விகிதத்தை முதலில் சின்னதாக வைத்தேன், மெதுவாக ஏறியது. இரண்டு மடங்காக்கினேன், மேலும் கீழும் ஆடியது. நடுவில் ஒரு மதிப்பு வைத்தேன், பதினான்காவது சுற்றில் நின்றுவிட்டது. இனி சுவரைச் சேர்க்கப் போகிறேன்.